ஏரிக்கரையில் சொன்ன சரி

செஞ்சியில் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆபீஸ் ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது. படியேறும்போது உர மூட்டையின் காட்டமான வாசனையும் கூடவே ஏறி வரும். மேலே ஒரே ஒரு பெரிய அறை. நாலைந்து கம்ப்யூட்டர், ஒரு யூபிஎஸ், மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். பனிக்காலத்துக் காலையில் அந்த ஜன்னலைத் திறந்தால் ராஜகிரியின் அடிவாரம் இருக்காது. வயல், ரோடு, மலையின் பாதி எல்லாம் வெள்ளையாகக் கரைந்து போயிருக்கும். உச்சியிலிருக்கும் மண்டபம் மட்டும் எதன்மேலும் நிற்காமல் தனியாக மிதந்துகொண்டிருக்கும். வெயில் ஏற ஏற மலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்து தரையைத் தொடும். அது தொட்ட பிறகுதான் எனக்கு வேலை ஓடும்.

ஓனர் சென்னையில் பல வருஷம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். பள்ளிக்கூடங்களுக்கு வருகை மெசேஜ், அரிசி மில்லுக்கு பில் போடும் புரோகிராம் என்று கிடைத்ததை எல்லாம் எடுப்பார். நான் அனந்தபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன். படிப்பு முடிந்து வீட்டில் இருந்தவளை, "ஒரு வருஷம் போயிட்டு வா, அதுக்குள்ள ஒரு எடம் பாத்துடலாம்" என்று நைனா அனுப்பியிருந்தார். எடம் என்றால் மாப்பிள்ளை.

என்னோடு அங்கே வேலை பார்த்தவர் ஒருவர். அவர் எனக்கு முன்பே சேர்ந்திருந்தார். மேல்சித்தாமூர் போகிற வழியில் ஒரு சின்ன ஊர் அவருக்கு. அவருடைய அப்பா அம்மா மற்றவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்து இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தவர்கள். அக்கா டீச்சர். இவர் பாலிடெக்னிக் முடித்துவிட்டு கம்ப்யூட்டரைத் தானாகக் கற்றுக்கொண்டவர். ஆபீஸில் சுவரோரமாக ஒரு மூலை நாற்காலி உண்டு. காற்றும் வராது, ஜன்னலும் தெரியாது. அதில்தான் எப்போதும் உட்காருவார். நல்ல இடம் காலியாக இருந்தாலும் மாற மாட்டார்.

அதிகம் பேசாதவர். ஆனால் நாம் பேசினால் வேலையை நிறுத்திவிட்டு முழுதாகத் திரும்பி, முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அப்படிப் பார்த்துக் கேட்டதில்லை. நான் அடுப்பைப் பார்த்துப் பேசுவேன், அம்மா டிவியைப் பார்த்துப் பதில் சொல்லும், நைனா பேப்பருக்குப் பின்னாலிருந்து உம் கொட்டுவார். ஆகையால் ஒரு மனிதர் என் உதட்டிலிருந்து ஒவ்வொரு சொல்லும் வெளியே வரும்வரை காத்திருந்து கேட்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் அன்றைக்குச் சொன்ன சாதாரண வார்த்தைகளை எல்லாம் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். அவர் கேட்டுக்கொண்டதால் அவை கொஞ்சம் அழகாகிவிட்டது போலிருக்கும்.

நான் சேர்ந்த கோடையில் ஓனர் ஏரி வேலையை எடுத்தார். செஞ்சியைச் சுற்றியுள்ள சில ஏரிகளில் ஒரு இரும்புக் கம்பம் நட்டு, அதில் தண்ணீர் மட்டத்தை அளக்கும் சின்னப் பெட்டியை மாட்டியிருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. தினமும் விடிந்ததும் எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட்டு, எத்தனை அடி என்று கேட்டு, அந்தந்த ஏரியின் விவசாயிகளுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். அதற்கான ஸ்கிரிப்டை நாங்கள் இருவரும் எழுதினோம். பெட்டியோடு பேசும் புரொசீஜர்கள் அவருடையவை. அவற்றைக் கூப்பிட்டுப் பதிலை வாங்கி மெசேஜ் ஆக்குவது என்னுடையது.

புரொசீஜர் என்பது கடைக்கு அனுப்பிய ஆள் மாதிரிதான். வேலையைச் சொல்லி அனுப்புகிறோம், அது எதையாவது கையில் வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அதற்குப் பெயர் ரிட்டர்ன். நாங்கள் எழுதிய மொழி பழசு. அதில் ரிட்டர்ன் என்று தனியாக எழுத மறந்தாலும் கடைசி வரியில் என்ன கிடைத்ததோ அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். போன இடத்தில் வேலை நடக்கவில்லை என்றால் எரர் எழுப்பலாம். எழுப்பிய எரர் அங்கேயே நிற்காது. கூப்பிட்ட புரொசீஜரிடம் போகும். அது கையில் பிடிக்காவிட்டால், அதைக் கூப்பிட்டதிடம் போகும். யாருமே பிடிக்காவிட்டால் மொத்த ஸ்கிரிப்டும் நின்றுபோய், எந்த வரியில் தொடங்கி யார் யார் வழியாக வந்தது என்று திரையில் வரிசையாகக் காட்டும்.

அவருடைய புரொசீஜரில் எரர் வெளியே வரவே வராது. பெட்டி பதில் சொல்லவில்லை என்றால் அதை உள்ளேயே பிடித்து அமுக்கிவிட்டு, பூஜ்யத்தைத் திருப்பித் தரும்படி எழுதியிருந்தார். கரண்ட் போயிருந்த ஒரு மதியம் ஜன்னலோரம் நின்றுகொண்டு அவரிடம் அதைக் கேட்டேன்.

"பெட்டி பேசலன்னா எதுக்குப் பூஜ்யம் வருது?"

"ஏதாவது ஒரு பதில் வரணும் இல்ல" என்றார்.

"ஏரி காஞ்சி கெடந்தாலும் பூஜ்யம், பெட்டி பேசலன்னாலும் பூஜ்யம். ரெண்டும் ஒண்ணா?"

"கேட்டவங்களுக்கு ஒரு நம்பர் போனா போதும். தெரியலன்னு சொன்னா இன்னாச்சு, ஏன், எப்புடின்னு ஆரம்பிச்சுடுவாங்க. அவங்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம்."

"ஒண்ணும் இல்லங்கறது வேற, தெரியலங்கறது வேறங்க."

அவர் என் முகத்தையே பார்த்தபடி சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு. அதற்கு மேல் எனக்கு வாதம் செய்ய வரவில்லை. அது வைகாசி மாசம். எல்லா ஏரியும் வெடித்துக் கிடந்தது. தினமும் எல்லா ஊருக்கும் பூஜ்யம் என்றே மெசேஜ் போனது. எந்தப் பூஜ்யம் எது என்று யாருக்கும் கவலை இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மெசேஜில் ஒவ்வொரு நாளும் அடி ஏறியது. விவசாயிகள் போனில் என்னைக் கூப்பிட்டு, "இன்னும் எவ்ளோ இருக்குதும்மா ஏரி ரொம்பறதுக்கு?" என்று கேட்பார்கள். கடைமடை வரை தண்ணீர் போகும் என்று சந்தோஷமாகப் பேசுவார்கள். பிறகு ஒரு காலையில், விடாமல் பெய்த மழைக்கு மறுநாள், தொண்டூர் பக்கமிருந்த ஒரு ஏரிக்கு மெசேஜ் போனது: நீர்மட்டம் பூஜ்யம் அடி.

நான் ஆபீஸுக்குள் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. ஏரிக்குக் கீழே இருந்த ஊர்க்காரர்கள்.

"கரை ஒடஞ்சிடுச்சாம்மா? நேத்து ரொம்பற மாதிரி இருந்துச்சு, இன்னைக்கு ஒண்ணுமே இல்லன்னு வருது. தண்ணி எங்களப் பாத்து வருதா?"

ஏரி இருந்த ஊருக்குப் போன் போட்டால் லைன் போகவில்லை. மழையில் அங்கே டவர் விழுந்துவிட்டதோ, கரண்ட் இல்லையோ. ஓனர் வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினார்.

"ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்துடுங்க. விவசாயிங்களுக்கு உன் கொரல்தாம்மா தெரியும். நீ நேர்ல பாத்தேன்னு சொன்னாத்தான் நம்புவாங்க."

தூறலில் ஸ்கூட்டர் மெதுவாகப் போனது. ரோட்டின் இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் நின்று, நாற்றும் வானமும் ஒன்றாகக் கிடந்தன. பாறைக் குன்றுகள் நனைந்து யானைத் தோல் மாதிரி கறுத்திருந்தன. அவற்றின் இடுக்குகளிலிருந்து சின்னச் சின்ன நீர்க்கோடுகள் இறங்கின. கரை உடைந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனால் அந்த வழி முடியாமல் இப்படியே போனால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

ஏரி உடையவில்லை. ரொம்பி வழிந்துகொண்டிருந்தது.

கரையில் ஏறி நின்றபோது எதிர்க்கரையே தெரியவில்லை. சாம்பல் நிறத் தண்ணீர் போய்ப் போய் அதே நிறத்து மேகத்தில் ஏறிவிட்டது. கருவேல மரங்கள் கழுத்து வரை முழுகி, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டிருந்தன. எங்கள் கம்பம் நேராகத்தான் நின்றது. பெட்டியின்மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. காய வைக்க வெயில் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பெட்டிக்கு ஒன்றுமில்லை, டவர் இல்லாததால் அதனால் பேச முடியவில்லை, அவ்வளவுதான். நாங்கள் நின்ற இடத்துக்கு அருகிலேயே கலிங்கல். ஏரி ரொம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற கல்கட்டு. அதில் தண்ணீர் பெரிய வெள்ளைத் துணி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் கரையே லேசாக அதிர்ந்தது.

அவர் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். நான் அவருக்கு இடது பக்கம் நின்றேன். அதற்கு முந்தைய வாரம்தான் வீட்டில் ஒரு ஜாதகம் பொருந்தியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்து அங்கே போகவில்லை. அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில் என்னவோ ஆகிவிட்டது. முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நானும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எங்க வீட்ல மாப்ள பாக்குறாங்க. எனக்கு வேற யாரையும் கட்டிக்க இஷ்டம் இல்ல. நீங்க வந்து எங்க நைனாகிட்ட பேசுறீங்களா? ஞாயித்துக்கெழம வீட்லதான் இருப்பாரு."

அவர் தலையை ஆட்டி, "சரி" என்றார். சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

நானும் பின்னாலேயே நடந்தேன். கரையிலிருந்து இறங்கியதோ, வண்டியில் ஏறியதோ நினைவில்லை. லைன் கிடைக்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, கீழ் ஊர்க்காரர்களுக்குப் போன் போட்டு, "ஏரி நல்லா இருக்குது, ரொம்பி வழியுது, நானே பாத்தேன்" என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் ஸ்கிரிப்டை மாற்றினோம். அவரே கேட்டார்.

"நீங்க சொன்ன மாதிரியே எரர் எழுப்பிடலாமா?"

பெட்டி பேசவில்லை என்றால் இனி அவருடைய புரொசீஜர் பூஜ்யத்தைத் தராது, எரர் எழுப்பும். எந்தப் பெட்டி, எதனால் என்பதையும் அதோடு சேர்த்து அனுப்பும். என் புரொசீஜர் அதைப் பிடித்து, அந்த ஏரிக்காரர்களுக்கு மட்டும் 'இன்று அளவு தெரியவில்லை, நேரில் பார்த்துக்கொள்ளவும்' என்று மெசேஜ் அனுப்பிவிட்டு அடுத்த ஏரிக்குப் போகும். நான் பிடிக்காமல் விட்டால் ஒரு பெட்டிக்காக எல்லா ஏரிக்கும் மெசேஜ் நின்றுவிடும். அவர் பயந்த மாதிரி யாரும் திட்டவில்லை. தெரியவில்லை என்று மெசேஜ் போன நாட்களில் யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்கே போன் போட்டுச் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடந்த ஞாபகமே இல்லை. அவர் வழக்கம் போலவே இருந்தார். கூச்ச சுபாவம், ஆபீஸில் அதைப் பற்றிப் பேச மாட்டார் என்று நானே எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமை அம்மாவிடம் மட்டும், "நாளைக்கு ஒருத்தரு நைனாவப் பாக்க வருவாரு" என்றேன். மறுநாள் காலை அம்மா நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, சேமியாவை வறுத்து வைத்தது. பாலும் கூட வாங்கியிருந்தது.

யாரும் வரவில்லை. மத்தியானம் ஆனது. நைனா சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். எழுந்து வயலுக்குப் போனார். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா அந்தப் பாலைத் தயிருக்கு உறை ஊற்றியது.

"பஸ்ஸு கெடைக்கலயோ இன்னாவோ" என்றது. அவ்வளவுதான் கேட்டது.

திங்கட்கிழமை அவர் சாதாரணமாக வந்து, சாதாரணமாக உட்கார்ந்து, "சாப்டீங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. வேலைக்குத் தேவையானதைப் பேப்பரில் எழுதி அவர் மேஜையில் வைத்தேன். சில நாள் பொறுத்துவிட்டு அவரே எதிரில் வந்து நின்றார்.

"எம்மேல ஏதாவது கோவமா?"

"ஒண்ணும் இல்ல."

"நான் ஏதாவது தப்பா..."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன் இல்ல."

போய்விட்டார். கார்த்திகை மழை ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டே இருந்தது. மலை இருந்த இடத்தில் பல நாள் மலையே இல்லை. வீட்டில் அந்த ஜாதகக்காரர்கள் பெண் பார்க்க வரும் நாளைப் பேச ஆரம்பித்திருந்தார்கள். எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல மெதுவாக, சத்தமில்லாமல் நடந்தது. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினேன்.

பிறகு ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு நின்றது. ஃபேன் எல்லாம் நின்றதும் அறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி அமைதி. ஓனர் வெளியிலிருந்து எனக்குப் போன் செய்து, "அவன் போன எடுக்கவே மாட்டேங்கிறான், நீ எடுக்கச் சொல்லும்மா" என்றார். எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தவரிடம் பேசப் பிடிக்காமல், நானும் அவருடைய போனுக்கே அடித்தேன்.

போன் அவருக்கு இடது பக்கம், சுவரை ஒட்டிப் போட்டிருந்த துண்டுக்கு அடியில் அடித்தது. கை நீட்டினால் எடுக்கலாம். அவர் எழுந்தார். வலது பக்கம் போய் அலமாரியைப் பார்த்தார். பையைத் திறந்து பார்த்தார். கதவு வரை போய்த் திரும்பி, அறையின் நடுவில் நின்று, ஒரு வட்டம் சுற்றினார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அமைதியில் அது எங்கே அடிக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

"எங்க அடிக்குதுன்னே தெரியல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நான் போனை நிறுத்தினேன். அவர் மறுபடி உட்கார்ந்து ஏதோ எழுத ஆரம்பித்தார். நான் எழுந்து போய், அவருக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில், இடது பக்கம், நின்றேன். சாதாரணக் குரலுக்கும் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"ராஜகிரி மலைய நேத்து லாரியில ஏத்திக்கினு போயிட்டாங்களாம்."

நான் வந்து நின்றதை உணர்ந்து, எழுதியபடியே தலையாட்டினார்.

"சரி" என்றார்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சுற்றிக்கொண்டு அவர் எதிரில் வந்து, முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"நான் இப்ப இன்னா சொன்னேன்?"

அவர் பேனாவை வைத்தார். என்னைப் பார்த்தார். ஏதாவது சமாளிப்பார் என்று நினைத்தேன். சமாளிக்கவில்லை.

"கேக்கல" என்றார். "இந்தக் காது கேக்காது. சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. காய்ச்சல் போவும்போது இதையும் எடுத்துக்கினு போயிடுச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"வீட்ல தெரியும். வெளிய இப்ப உங்களுக்கு மட்டும்."

"அப்போ எதுக்கு எல்லாத்துக்கும் சரி சரின்றீங்க?"

"இன்னா இன்னான்னு திருப்பிக் கேட்டா மனுஷங்க மூஞ்சி மாறிடும். ஒரு வாட்டி கேக்கலாம், அப்புறமும் கேட்டா சலிச்சுக்குவாங்க. பள்ளிக்கூடத்துல செவுடன்னு கூப்புட ஆரம்பிச்சாங்க. சரின்னு சொல்லிப் பாத்தேன். எல்லாரும் சந்தோஷமாப் போயிட்டாங்க. அப்புடியே பழகிப் போச்சு."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏரிக்கரையில நான் ஒண்ணு சொன்னேன்."

"ஏதோ சொன்னீங்கன்னு தெரியும். தண்ணி சத்தம், நீங்க வேற இந்தப் பக்கம் நின்னீங்க. போலாமான்னு கேட்டீங்கன்னு நெனச்சேன்."

அவருக்கு என் கோபத்தின் காரணம் மெல்லப் புரிந்துகொண்டு வந்தது முகத்தில் தெரிந்தது. ஏதோ பெரிதாகக் கெடுத்துவிட்டோம் என்று பயந்துபோனார். நான் ஏரிக்கரையில் சொன்னதை, வார்த்தை மாறாமல் முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை வெட்கம் வரவில்லை. அம்மா பால் வாங்கி வைத்திருந்ததையும் சொன்னேன்.

அவர் மேஜையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்.

"தெரியல."

நான் காத்திருந்தேன்.

"எனக்கு ஆசை இல்லன்னு இல்ல. இருக்குது, ரொம்ப நாளா இருக்குது. ஆனா உங்க வீட்டு ஆளுங்க வேற, நாங்க வேற. உங்க நைனா என்னை உள்ள கூப்புடுவாரான்னே தெரியல. காது ஒண்ணு இல்லன்னு தெரிஞ்சா நீங்களே இன்னா நெனப்பீங்கன்னு தெரியல. வந்து பேசுறதுக்கு எனக்குத் தைரியம் இருக்குதான்னும் தெரியல."

கரையில் சொன்ன சரியை விட இந்தத் தெரியல எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. அழுதேன். அவர் பதறிப்போய் எழுந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். குடித்துவிட்டு, பல மாதமாக நான் பெரிதாக நினைத்திருந்த ஒன்றைப் பற்றிக் கேட்டேன்.

"நான் பேசுனா மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பீங்களே. அதுவும் காதுக்காகத்தானா?"

"மொதல்ல காதுக்காகத்தான்" என்றார்.

அவர் உடனே வந்துவிடவில்லை. முதலில் தன் அக்காவிடம் சொன்னார். நான் எங்கள் வீட்டில், ஜாதகக்காரர்கள் வர வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பேசப்பட்ட எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு விருப்பம் இல்லை. பேசியவர்களே இன்று அவற்றை மறந்துவிட்டார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து மறக்கத்தான் பார்க்கிறேன். தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் அக்காவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நைனா வெளியே போகாமல் இருந்தார், அதுவே பெரிசு. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அக்காதான் பேசினார், நிதானமாக, வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி. நைனா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பாமலே, பக்கத்திலிருந்த அவரிடம் என்னவோ கேட்டார். அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்திருந்தார் நைனா. நான் கதவோரம் நின்றிருந்தேன். எங்கே சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பார்த்தேன்.

அவர் முழுதாகத் திரும்பினார்.

"எனக்கு இந்தக் காது கேக்காதுங்க. நீங்க சொன்னது விழல. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

அக்கா குனிந்துகொண்டார். அம்மா என்னைப் பார்த்தது. நைனா எழுந்து, தன் நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு போய் அவருக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்து, கேட்டதை மறுபடி கேட்டார். பெரிய கேள்வி ஒன்றுமில்லை. உங்கள் பக்கம் ஏரி ரொம்பிச்சா என்றுதான் கேட்டிருக்கிறார்.

அன்றைக்கே நைனா சம்மதிக்கவில்லை. அடுத்த நடவு, அறுப்பு எல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் சிலர் பேச்சை நிறுத்தி, சிலர் மறுபடி பேச ஆரம்பித்து, அதற்கெல்லாம் பிறகுதான் எங்கள் கல்யாணம் நடந்தது. ஆனால் அன்று நாற்காலி நகர்ந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு செஞ்சியிலேயே வீடு பார்த்தோம். அவர் இன்னா என்று கேட்கப் பழகிக்கொண்டார். முதலில் என்னிடம் மட்டும், பிறகு ஓனரிடம், பிறகு காய்கறிக் கடையில், பஸ்ஸில். ஒரே விஷயத்தைப் பல தடவை சொல்லி எனக்குச் சலிப்பு வந்த நாட்களும் உண்டு. அப்போது என் மூஞ்சி மாறும்தான். மாறினாலும் மறுபடி கேட்பார்.

போன பனிக்காலத்தில் ஒருநாள் அக்கா வற்புறுத்தியதால் பாண்டிச்சேரிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தோம். சத்தம் புகாத ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நான் வெளியே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வலது காதுக்கு வைத்தபோது கை நன்றாக ஏறி இறங்கியது. இடது காதுக்கு மாற்றினார்கள். வெளியே மெஷினில் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. உள்ளே அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. யாரும் எதுவும் கேட்காத ஓர் இடத்தில் இளைப்பாறுகிறவர் மாதிரி இருந்தார். அங்கே எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது.

அந்தக் காது இனி திரும்பாது, நரம்பு போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். "அது தெரிஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துகொண்டார். வெளியே வந்து டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

திண்டிவனம் தாண்டியதும் அவருக்குத் தூக்கம் வந்தது. நல்ல காதை என் தோளில் வைத்துப் படுத்துக்கொண்டார். அதோடு அவருக்கு எல்லாச் சத்தமும் அடங்கிப்போனது. டிரைவர் பாட்டு போட்டார், கண்டக்டர் விசில் அடித்தார், பின்சீட்டில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. ஒன்றும் அவரிடம் போய்ச் சேரவில்லை. டிக்கெட் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நான் ஜன்னலைப் பார்த்திருந்தேன். கரும்பும் நெல்லுமாகக் கொஞ்ச தூரம், பிறகு ஒரு பாறை, பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த பாறைகள். சாயங்கால வெளிச்சம் அவற்றின்மேல் மஞ்சளாக விழுந்து அவர் நெற்றிக்கும் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து, எல்லோரும் எழுந்து பைகளை இறக்கத் தொடங்கும்வரை நான் அசையவில்லை.